தாழ் விழாத காம்பவுண்டு

எங்கள் காம்பவுண்டில் பூட்டுகள் எல்லாம் வாயைத் திறந்துகொண்ட அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், என் மகள் வினோதினி தலைக்குக் குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்து, நான் அவளுடைய ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு அதில் பழுது தேடிக்கொண்டிருந்தேன்.

பழுது தேடுவதுதான் என் பிழைப்பு. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையில் நிற்கிறேன். தைத்து வருகிற துணியை டியூப்லைட்டுக்கு அடியில் விரித்து, முன்பக்கம் பார்த்து, பின்பக்கம் பார்த்து, உள்ளே கையை விட்டுத் திருப்பிப் பார்த்து, எங்கே ஓட்டை, எங்கே எண்ணெய்க் கறை, எங்கே தையல் விட்டிருக்கிறது என்று கண்டுபிடித்து, அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி ஓரமாகப் போட வேண்டும். சந்தேகம் வந்தால் யோசிக்காதே, ஓரம் போடு என்பது எங்கள் மேசையின் சட்டம். நல்ல துணி ஓரம் போனால் யாரும் கேட்க மாட்டார்கள். கெட்ட துணி ஒன்று பெட்டிக்குள் போய்விட்டால் சூப்பர்வைசர் மேசை மேசையாக வந்து பேசுவார். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்குக் கிடைத்த படிப்பு இது ஒன்றுதான் என்பதால் இதை நான் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டேன். கொதிக்கிற குழம்பில், அண்டை வீட்டார் பேச்சில், லாரியில் வடக்கே போய்விட்டு வருகிற என் வீட்டுக்காரர் சட்டைப்பையில் என்று எதைப் பார்த்தாலும் என் கண் ஸ்டிக்கர் ஒட்ட இடம் தேடும்.

வினோதினி காலேஜில் கடைசி வருஷம். கொஞ்ச நாளாக அவள் ஃபோனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். வாய்விட்டுச் சிரித்திருந்தால் நான் பாட்டுக்கு என் வேலையைப் பார்த்திருப்பேன். அவள் உதட்டுக்குள் சிரித்தாள். ஒன்பது புள்ளிகளின் மேல் விரலால் ஒரு கோடு இழுத்துத்தான் அந்த ஃபோனைத் திறப்பாள். அவளுக்குத் தலை பின்னிவிடுகிற சாக்கில் பின்னால் நின்று, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக, எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்கு என்று அந்தக் கோட்டை நான் மனப்பாடம் பண்ணியிருந்தேன். தலையை என் கையில் கொடுத்த நம்பிக்கையில் அவள் உட்கார்ந்திருக்க, சீப்பைப் பிடித்த கை ஒரு பக்கமும் கண் இன்னொரு பக்கமுமாக நான் நின்றிருந்தேன். எழுதும்போதே காது சுடுகிறது.

திறந்து பார்த்தால் படங்களில் கூடப் படிக்கிற பிள்ளைகள், ஒரு நாய்க்குட்டி, டிபன் பாக்ஸில் புளிச்சோறு. நான் தேடியது இல்லை. இல்லை என்றால் ஒளித்து வைத்திருக்கிறாள் என்றுதானே அர்த்தம் என்று ‘அமைப்புகள்’ என்கிற செட்டிங்ஸுக்குள் போனேன். அங்கே ஆப்களின் பெரிய பட்டியல் ஒன்று. தெரிந்த பெயர் கொஞ்சம். மற்றதெல்லாம் முகமில்லாத பச்சைப் பொம்மைகள், வாயில் நுழையாத பெயர்கள். யார் இவர்கள், என் மகள் ஃபோனில் இவர்களுக்கு என்ன வேலை? சந்தேகம் வந்தது, ஓரம் போட்டேன். ஒவ்வொன்றாகத் தொட்டு ‘முடக்கு’ என்பதை அழுத்தினேன். இதை முடக்கினால் மற்றவை சரியாக இயங்காமல் போகலாம் என்று அது சொன்னது. சூப்பர்வைசரும் இப்படித்தான் பயமுறுத்துவார் என்று ‘சரி’ கொடுத்தேன். கடைசியாக ஒரு பூட்டுப் படம் வந்தது. பூட்டு இருந்தால் உள்ளே ஏதோ இருக்கத்தானே வேண்டும். அதையும் அழுத்தினேன்.

ஃபோன் என் மடியில் ஒருமுறை நடுங்கியது. பிறகு இருண்டது. பிறகு கம்பெனிப் பெயர் மட்டும் எழுந்து, அணைந்து, மறுபடி எழுந்து, அணைந்து, வெயிலில் ஓடிவந்த நாய் மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் எதிர்வீட்டு மரகதத்தின் பூட்டு, அவள் சந்தைக்குப் போயிருந்த வீட்டின் நாதாங்கியிலிருந்து தானாக வாய் பிளந்து, ணங்கென்று சிமெண்டுத் தரையில் விழுந்தது. அதற்கு அடுத்த வீட்டுத் தாழ்ப்பாள் சறுக்கியது. அதற்கடுத்த வீட்டில் டிரங்குப் பெட்டி, வரிசையில் சாத்தியிருந்த சைக்கிள்களின் பூட்டுகள், மாடியில் வீட்டு ஓனர் ராசாத்தியம்மாவின் பீரோ, பாத்ரூம் கொக்கி, டிபன் பாக்ஸ் மூடி என்று ஒன்றுவிடாமல் எல்லாம் திறந்துகொண்டன. திரும்பத் தள்ளினால் கதவு மெதுவாக, மரியாதையாக, மறுபடி திறந்துகொண்டது. காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பூட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

நான் ஃபோனை அரிசி டப்பாவுக்குள் புதைத்து மூடியை அழுத்தினேன். வினோதினி தலையில் துண்டோடு வந்தாள்.

“அம்மா, என் ஃபோன் எங்க?”

“எனக்கென்னட்டி தெரியும்? எங்கயாவது வச்சிருப்ப.”

நான் சொல்லி முடிக்கவில்லை, அரிசி டப்பாவின் மூடி டொப்பென்று எழும்பி உருண்டு அவள் காலடியில் போய் நின்றது. அரிசிக்குள்ளிருந்து கம்பெனிப் பெயர் எழுந்து அணைந்தது. அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், குனிந்து எடுத்து அரிசியைத் தட்டினாள்.

“எப்படித் திறந்த?”

“திறந்துதாம்ட்டி கெடந்துச்சு.”

அவள் வேறொன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் பதிலுக்குச் சத்தம் போட்டுத் தப்பித்திருப்பேன். “நீ கெடுத்த, நீயே சரி பண்ணிட்டு வா” என்று ஃபோனை என் கூடைக்குள் போட்டாள். பிறகு, “பரீட்சை முடிஞ்சதும் வேலைக்குச் சேர்ந்து நான் ஹாஸ்டலுக்குப் போறேன். அங்க ரூமுக்குத் தாழ் இருக்காம்” என்றாள். சாத்தினாலும் கதவு நிற்காததால் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். ஈரத் தலைமுடியும் முதுகும் மட்டும் என் பக்கம் இருந்தன. பூட்டிய எந்தக் கதவும் அப்படிப் பூட்டியிருந்து நான் பார்த்ததில்லை.

காம்பவுண்டில் யாரும் பெரிதாக அலறவில்லை. மழை பிடித்தால் துணியை உள்ளே எடுப்பதுபோல ஆளாளுக்கு ஒரு வழி பார்த்தார்கள். பூட்டுக்காரனைக் கூட்டிவந்தார்கள், அவன் புதுப் பூட்டு மாட்டி, சாவியைத் திருப்பி, கையை எடுத்ததும் அது திறந்துகொள்ள, வெட்கப்பட்டுக் கூலி வாங்காமல் போய்விட்டான். ராசாத்தியம்மா ஒவ்வொரு கதவிலும் திருநீறு பூசினார். கதவுகள் திருநீற்றோடு திறந்து கிடந்தன. பாத்ரூமுக்குள் போகிறவர்கள் வாளியை வெளியே கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்கள். கவிழ்த்த வாளியை யாரும் தாண்டவில்லை.

ஆனால் திறந்து கிடந்த வீடுகளில் எல்லாம் தெரிந்தது. ராசாத்தியம்மாவின் பீரோவில் தங்கம் நிரம்பிக் கிடப்பதாகத்தான் நாங்கள் நினைத்திருந்தோம். அதில் மடித்து அடுக்கிய ஜவுளிக்கடைப் பைகளும் பஞ்சு மட்டும் வைத்த நகைப்பெட்டிகளும் இருந்தன. டெய்லர் சுடலைமுத்து அண்ணனின் டிரங்குப் பெட்டிக்குள் கிண்ணத்துத் தண்ணீரில் அவருடைய பல்செட் கிடந்தது. கட்டிய பெண்டாட்டிக்கே அது தெரியாது என்பது அவள் “இதென்ன கருமம்” என்று கேட்டபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. மரகதத்தின் புருஷன் கதிரேசனை, வீடே அதிரக் கத்துவதால், பெண்டாட்டியை அடிக்கிறவன் என்று நான்தான் குழாயடியில் முதலில் சொல்லியிருந்தேன். திறந்த கதவு வழியே பார்த்தால், ஷிஃப்ட் முடிந்து வந்த மரகதத்தின் வீங்கிய காலை மடியில் வைத்துக்கொண்டு அவன் தேங்காயெண்ணெய் தடவிப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தான். பார்த்துவிட்டோம் என்று தெரிந்ததும், அடித்ததைப் பார்த்திருந்தால்கூட அப்படிக் கூசியிருக்க மாட்டான், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, “ஏன்டி, இந்தக் கால எங்கயாச்சும் கொண்டுபோய்த் தொலையேன்” என்று கத்தினான். கத்திக்கொண்டே பிடித்துவிட்டான்.

என் வீட்டில் தெரிந்தது என் மகளின் முதுகு.

அந்த முதுகைப் பார்த்துத்தான் காம்பவுண்டு கற்றுக்கொண்டது. முதலில் மரகதம் அதைப் பார்த்தாள். மறுநாள் தனக்கு யாரோடும் பேசப் பிடிக்காத நேரத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள், பேசப் போனவர்கள் வாசலோடு திரும்பிவிட்டார்கள். பிறகு சுடலைமுத்து அண்ணன், பல்லைக் கழற்றுகிற நேரத்தில், திரும்பி உட்கார்ந்தார். பிறகு எல்லாரும். முகம் வாசலைப் பார்த்திருந்தால் வீடு திறந்திருக்கிறது, முதுகு பார்த்திருந்தால் வீடு சாத்தியிருக்கிறது என்று யாரும் யாருக்கும் சொல்லாமலே ஒரு வழக்கம் வந்தது. திறந்திருக்கிற வாசலிலும் நின்று, தொண்டையைச் செருமி, “வரலாமா” என்று கேட்டுத்தான் போனார்கள். பூட்டு இருந்த காலத்தில் கேட்காமல் புகுந்து அடுப்பில் என்ன என்று மூடியைத் தூக்கிப் பார்த்தவர்கள் நாங்கள். பால்காரர் செருமினார், கேஸ் சிலிண்டர் போடுகிறவர் செருமினார். ஒருநாள் பட்டப்பகலில் ஒரு திருடன் வந்தான். எல்லா வீடும் திறந்து கிடப்பதையும் இருக்கிற சிலபேர் திரும்பி உட்கார்ந்திருப்பதையும் பார்த்து, இதில் தன் தொழிலை எங்கே ஆரம்பிப்பது என்று புரியாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கடைசியில் அவனும் செருமினான். மரகதம் திரும்பாமலே, “யாரா இருந்தாலும் அப்புறம் வாங்க” என்றாள். “சரிங்க்கா” என்று சொல்லிவிட்டு, கொண்டுவந்த கம்பியைக் குழாயடியில் சாத்திவைத்துவிட்டுப் போய்விட்டான். அதைச் சுவருக்குச் சுவர் கட்டி நாங்கள் துணி காயப்போட்டோம்.

இவ்வளவுக்கும் காரணம் என் கூடைக்குள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. தினமும் அதைக் கம்பெனிக்குக் கொண்டுபோனேன், தினமும் திரும்பக் கொண்டுவந்தேன். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் டேனியல் என்பவரின் செல்ஃபோன் கடை இருக்கிறது. அதன் முன்னால் வந்ததும் என் நடை வேகமாகிவிடும். என்ன ஆச்சு என்று அவர் கேட்பார். மகள் ஃபோனைத் திருட்டுத்தனமாகத் திறந்து தெரியாததை எல்லாம் பிடுங்கிப் போட்டேன் என்று ஒரு கடைத்தெருவில் நின்று எப்படிச் சொல்வது? செக்கிங் மேசையில் கை ஓடவில்லை. ஒரு சின்னப் பிள்ளைச் சட்டையைத் திருப்பி உள்ளே பார்க்கும்போது, இப்படி உள்ளே கையை விட உனக்கு யார் சொன்னது என்று அது கேட்பதுபோல இருந்தது. ஸ்டிக்கரைப் பிய்த்துப் பிய்த்து என் விரலிலேயே ஒட்டிக்கொண்டேன்.

வினோதினி சாப்பிட்டாள், தட்டைக் கழுவினாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள், பிறகு திரும்பிக்கொண்டாள். தலையை அவளே பின்னிக்கொண்டாள். கோணலாக இருந்தது. சீப்பை எடுத்தேன்; திரும்ப வைத்துவிட்டேன். பரீட்சைத் தேதி ஒட்டிவிட்டார்கள் என்று மரகதத்திடம் சொன்னதை நான் காதில் வாங்கினேன். ஒரு பை எடுத்து வைத்து அதில் துணிகளை மடித்துப் போட ஆரம்பித்தாள். பையின் ஜிப் மூடவில்லை. திறந்த பைக்குள் என் பழைய போர்வை ஒன்றும் இருந்ததைப் பார்த்த அன்றைக்குத்தான் நான் குழாயடிக்குப் போய்ச் சொன்னேன்.

“இந்தப் பூட்டெல்லாம் போனதுக்கு நாந்தான் காரணம். பிள்ளை ஃபோன நோண்டினேன். பூட்டுப் படத்த அழுத்திட்டேன்.”

குடங்கள் நிரம்பி வழிந்தன. யாரும் குழாயை மூடவில்லை. ஏசுவார்கள் என்று தலையைக் குனிந்து நின்றேன்.

“அதான பார்த்தேன்” என்றாள் மரகதம். “உங்க வீட்டுலருந்து மட்டும் ஒண்ணும் வெளிய வரலியேன்னு.”

அதன்பிறகு ஒவ்வொருவராகத் தனித்தனியே என் வாசலில் வந்து செருமினார்கள். ராசாத்தியம்மா மாடியிலிருந்து இறங்கி வந்து, “ஏனுங் பேச்சியம்மா, சீக்கிரம் சரி பண்ணிக் கொண்டாங், மானம் போகுதுங்” என்றவர், போகிறபோது திரும்பி, “இல்லாட்டியும் பரவால்லீங், இனிப் பூட்டி என்னத்தப் பண்ண, பஞ்சுதான இருக்குது” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். சுடலைமுத்து அண்ணன், “பல்லு தெரிஞ்சுபோச்சு, இனிமே பூட்டு எப்ப வந்தா என்னம்மா” என்று பொக்கை வாயால் சிரித்தார். அந்த நாட்களில் அவர் பல்செட்டைத் தையல் மெஷின் சத்தத்துக்குத் தாளம் போடுவதுபோலக் கையில் ஆட்டிக்கொண்டே நடந்தார். கதிரேசன் மட்டும் முகத்தைப் பார்க்காமல், “சீக்கிரம் ஆகட்டும்க்கா. கால் வலின்னு இப்ப ஊரே கேட்குது” என்றான். என்னை ஒருவரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் கடன் தீர்ந்ததுபோல இருந்திருக்கும். ஏசாமல் செருமிவிட்டுப் போனதுதான் உறுத்தியது.

சனிக்கிழமை சாயங்காலம் சுவரைப் பார்த்திருந்த முதுகிடம் போய் நின்று, முதல் தடவையாக நானும் செருமினேன்.

“வினோ, டேனியல் கடைக்குப் போறேன். நீயும் வாரியாட்டி?”

அவள் எழுந்து செருப்பை மாட்டினாள்.

டேனியல் ஃபோனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்ன ஆச்சு என்று கேட்டார். நான் சொன்னேன். அவருக்கு அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை.

“உள்ள ஓடுற ஆதாரமான சாஃப்ட்வேரையே நிறுத்திட்டீங்க. அதான் ஏறவும் முடியாம இறங்கவும் முடியாம நிக்குது. மொத்தமா அழிச்சுட்டுப் புதுசாப் போட்டா உடனே வேலை முடிஞ்சிரும். ஆனா உள்ள இருக்கறது எல்லாம் போயிரும். இல்லன்னா கம்ப்யூட்டர்ல மாட்டி, இருக்கறதத் தொடாம சிஸ்டத்த மட்டும் திரும்ப ஏத்திப் பாக்கலாம். எது வேணும்?”

“உள்ள இருக்கறது வேணும்” என்றாள் வினோதினி. எதிரில் இருந்த ஃபோன் உறைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

ஒயரை மாட்டினார். கம்ப்யூட்டரில் ஏதோ எண்கள் ஓடின. கடையில் ரீசார்ஜ் பண்ண வந்தவர்கள் இரண்டு மூன்று பேர் எங்களோடு அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஃபோன் ஒரு நீண்ட மூச்சு இழுத்தது. கம்பெனிப் பெயர் எழுந்து, இந்தத் தடவை அணையாமல், விலகி வழிவிட்டது. நீல வெளிச்சத்தில் ஒன்பது புள்ளிகள் வந்து நின்றன.

“கோடு போடுங்க. உள்ள போய், முடக்கினத எல்லாம் ஒவ்வொண்ணா மறுபடி இயக்கிவிடணும்” என்று டேனியல் ஃபோனை வினோதினி பக்கம் நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. “அம்மா போடுவாங்க” என்றாள்.

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அப்போதுதான் முதன்முதலாக என்னை நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். தெரியாது என்று நான் சொல்லிவிட மாட்டேனா என்று அது ஒரு பக்கம் கெஞ்சுவதுபோலவும், இன்னொரு பொய்யைச் சொல்லிவிடாதே என்று ஒரு பக்கம் கேட்பதுபோலவும் இருந்தது. ஃபோன் திறந்துதான் கிடந்தது என்று அன்றைக்கு நான் சொன்னதை அவள் ஒரு நாளும் நம்பவில்லை என்பது அந்தக் கடைக்காரர், ரீசார்ஜ் பண்ண வந்தவர்கள், தெருவில் போகிறவர்கள் எல்லாருக்கும் முன்னால் எனக்குத் தெரிந்தது.

என் ஆள்காட்டி விரலில் ஸ்டிக்கர்ப் பசை காய்ந்து ஒட்டியிருந்தது. அதைப் புடவையில் துடைத்தேன். அவளுடைய தலைமுடி வாசனையோடு, ஒவ்வொரு பின்னலாக நான் திருடிவைத்திருந்த அந்தக் கோட்டை, மேல் மூலையில் ஆரம்பித்து, இறக்கி, குறுக்கே இழுத்து, தப்பில்லாமல் போட்டேன். ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. தடுமாறியிருக்கலாமே என்று இருந்தது. ஃபோன் திறந்துகொண்டது.

“பரவால்லியே, அம்மாவும் பொண்ணும் ஃப்ரெண்ட்ஸ் மாதிரி” என்றார் டேனியல்.

அவர் பட்டியலுக்குள் போய் நான் ஓரம் போட்டவற்றை ஒவ்வொன்றாக எடுத்து ‘இயக்கு’ என்று அழுத்திக்கொண்டே வந்தார். இது எழுத்துப் பலகை, இது கடிகாரம், இது குரலைக் கொண்டுபோவது, இது வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது என்று பேச்சுவாக்கில் சொன்னார். எல்லாம் பாவம், வேலை செய்துகொண்டிருந்தவர்கள். ஒருவர்கூட என் மகளைக் கெடுக்க வந்தவர் இல்லை. கடைசியில் பூட்டு வந்தது. அதை அழுத்தினார். கடைச் சுவரிலிருந்த காலண்டர் லேசாக அசைந்ததைத் தவிர அங்கே ஒன்றும் நடக்கவில்லை.

“பழைய கோடு இனி வேணாம்னா இப்பவே மாத்திக்கலாம் பாப்பா.”

வினோதினி ஃபோனைக் கையில் வாங்கினாள். அவள் விரல் புள்ளிகளுக்கு மேலே நின்றது. நான் திரும்பிக்கொண்டேன். கடைச் சுவரில் மாட்டியிருந்த ஃபோன் உறைகளைப் பார்த்து, எங்கள் காம்பவுண்டுக்காரர்கள் உட்காருவதுபோல, முதுகை அவள் பக்கம் காட்டி நின்றேன். உறைகளில் மயில், பூ, ஏதோ ஒரு நடிகர், கார்ட்டூன் பூனை. எல்லாவற்றையும் பார்த்தேன்.

“என்னக்கா, உறை ஏதாச்சும் எடுக்கட்டுமா?” என்றார் டேனியல்.

“வேண்டாம். சும்மா பார்த்துட்டிருக்கேன்.”

பின்னால் விரல் கண்ணாடியில் உரசுகிற சத்தம் கேட்டது. இவ்வளவு நேரம் எடுத்து ஒரு கோடு போடுவார்களா என்று என் காது கணக்குப் போடப் பார்த்தது. காதையும் எங்கேயாவது திருப்பி வைக்க முடிந்தால் வைத்திருப்பேன்.

நாங்கள் திரும்பி வந்தபோது காம்பவுண்டு முழுக்கச் சத்தமாக இருந்தது. எல்லாப் பூட்டுகளும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தன. வேண்டாம் என்று சாவிகளை ஆளாளுக்கு எங்கெங்கோ போட்டிருந்தார்கள். சுடலைமுத்து அண்ணனின் பல்செட் டிரங்குப் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டது. அவர் பெட்டியைக் குலுக்க, அது உள்ளே சிரிப்பதுபோலக் கடகடவென்றது. ராசாத்தியம்மா மாடியில் பீரோ முன்னால் நின்று, “தெறந்தே கெடந்திருக்கலாமுங்” என்றார். கதிரேசன் உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டான். அது விழுந்ததும், “காலு எங்கடி வலிக்குது” என்று வீடே அதிரக் கத்தினான். எங்களுக்கெல்லாம் தெரிந்ததால் நாங்கள் யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

வினோதினி எனக்கு முன்னால் வீட்டுக்குள் போனாள். கதவு அவளுக்குப் பின்னால் மூடிக்கொண்டது. காற்றுக்கு மூடியதா அவள் சாத்தினாளா என்று தெரியவில்லை. எத்தனையோ நாளுக்குப் பிறகு என் வீட்டுக் கதவை மூடிய நிலையில் பார்த்தேன். அதில் பச்சைப் பெயிண்ட் உரிந்திருந்தது. உள்ளே அந்தப் பை இருக்கிறது, இனி அதன் ஜிப் மூடும். அவள் போகப்போகிறாளா என்று தெரியாது. அந்த ஃபோனுக்குள் யார் இருக்கிறார்கள் என்றும் தெரியாது. இரண்டையும் கேட்க வேண்டும் என்று என் நாக்கு வாய்க்குள் சுழன்றது. அதை அடக்கிக்கொண்டு, இந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து ஒருமுறைகூடச் செய்யாததைச் செய்தேன். என் சொந்த வீட்டுக் கதவைத் தட்டினேன்.

“யாரு?”

“நாந்தான்.”

உள்ளே காலடிச் சத்தம் கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

“தாழ் போடலம்மா. தள்ளினாத் திறக்கும்.”

கதவில் கையை வைத்தேன். பலகை வெதுவெதுப்பாக இருந்தது. ஒரு விரலால் தள்ளினாலே போதும்.

“பரவாயில்லட்டி” என்றேன். “உனக்கு எப்பத் தோணுதோ அப்ப நீயே வந்து திற. நான் இங்கதான் நிக்கேன்.”

குழாயடியில் யாரோ குடத்தை மாற்றி வைத்தார்கள். நான் கையை எடுத்துக்கொண்டு, திரும்பி, கதவுக்கு முதுகைக் காட்டி நின்றேன். ரொம்ப நேரம் கழித்து எனக்குப் பின்னால் கதவு திறக்கிற சத்தம் கேட்டது; பிறகு என் தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டு வந்தது. அதில் சீப்பு இருந்தது.